கதவைத் திறக்கச் சொன்னது யார்?

நீளமான பதிவு இது. நேரம் இருக்கும்போது படியுங்கள். நாலு வரி படித்துவிட்டு "சூப்பர் டீச்சர்" என்று போடுகிறவர்கள் யார் யார் என்று எனக்கு வகுப்பிலேயே தெரியும்.

போன மாதம் நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு தீர்ப்பு சொன்னீர்கள். என் தம்பி மகனுடைய ஜவுளிக் கடைக் கம்ப்யூட்டரை எவனோ பூட்டிவிட்டுப் பணம் கேட்டதற்கு, அந்த நெட்வொர்க்கைப் போட்டுக் கொடுத்த பையன்தான் காரணம். அவன் மேல் போலீஸில் எழுதிக் கொடுக்க வேண்டும். அவனுக்குத் தர வேண்டிய பாக்கியைத் தரக் கூடாது. வரிசையாகக் கட்டைவிரல் போட்டிருந்தீர்கள். நான் போடவில்லை. "அத்தை ஏன் பேசாமல் இருக்கீங்க?" என்று ஒருத்தர் கேட்டிருந்தீர்கள். அதற்குப் பதில்தான் இது.

அந்தப் பையன் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவன். தம்பி மகனிடம் அவனைச் சிபாரிசு செய்தவள் நான். இரண்டு பேரிடமும் சொல்லிவிட்டுத்தான் எழுதுகிறேன், பெயர் போடவில்லை. இரண்டு பேருக்கும் பிடிக்காத வரிகள் இதில் இருக்கும். எனக்கே பிடிக்காதவையும் இருக்கின்றன.

என்ன நடந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன், குழுவில் ஆளுக்கொரு கதை ஓடுகிறது.

2020-ல் ஊரடங்கு. கடைக்குக் கணக்கு எழுதுகிறவர் வீட்டிலிருந்தே டேலியைப் பார்க்க வேண்டும் என்றார். பையன் வந்து ரவுட்டரில் ஒரு ரூல் எழுதினான். வெளியே உலகத்தில் எங்கிருந்து யார் 3389 என்ற எண்ணைத் தட்டினாலும், நேராகக் கடைக் கம்ப்யூட்டரிடம் கொண்டுபோய் விடு என்பதுதான் அந்த ரூல். அதற்கு அவன் வைத்த பெயர் "டெம்ப்". தற்காலிகமாம். ஆறு மாதத்தில் கணக்கு எழுதுகிறவர் பழையபடி கடைக்கே வர ஆரம்பித்துவிட்டார். ரூல் மட்டும் வீட்டுக்குப் போகவில்லை, வருஷக்கணக்காக அங்கேயே உட்கார்ந்திருந்தது. கம்ப்யூட்டருக்குக் கடவுச்சொல் கடைப் பெயரும் 123-ம்.

ஒரு திங்கட்கிழமை காலை கடையைத் திறந்தால் ஒரு ஃபைலும் திறக்கவில்லை. ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் புரியாத வால். திரையில் ஒரு கடிதம், இத்தனை டாலர் கட்டு என்று. பேக்கப் எடுத்து வைத்த பென் டிரைவ் எங்கே என்று கேட்டால், அதே கம்ப்யூட்டரில் வருஷக்கணக்காகச் செருகியே இருந்திருக்கிறது. அதையும் சேர்த்துப் பூட்டிவிட்டார்கள். விண்டோஸ் தன் பதிவில் எழுதி வைத்திருந்ததைப் பையன் எனக்குக் காட்டினான். பல நாளாக, நிமிடத்துக்குப் பல முறை, தவறான கடவுச்சொல், தவறான கடவுச்சொல், தவறான கடவுச்சொல். ஞாயிறு இரவு இரண்டு மணிக்கு ஒரே ஒரு வரி: சரியான கடவுச்சொல்.

போனது ஜிஎஸ்டி கணக்கு என்று நினைத்து எல்லோரும் வருத்தப்பட்டீர்கள். அதில் பாதிக்கு மேல் ஆடிட்டரிடமும் அரசாங்க போர்ட்டலிலும் இருந்தது, திரும்ப எடுத்துக்கொண்டார்கள். திரும்பாதது தறிக்காரர்கள் கணக்கு. நம்ம ஊரில் பாவு வாங்கிக்கொண்டு போய் நெய்து கொடுத்து வாரக் கூலி வாங்குகிறவர்களை உங்களுக்குத் தெரியும். பாதிப் பேர் வீட்டில் அதுதான் அடுப்பு. யார் எவ்வளவு முன்பணம் வாங்கினார்கள், கூலியில் எவ்வளவு கழிந்தது, இன்னும் எவ்வளவு பாக்கி என்பது முன்பு சிவப்பு அட்டை நீள நோட்டில் இருக்கும். அந்த நோட்டை நிறுத்தி எக்செல்லில் ஏற்றிவிட்டார்கள். எக்செல் பூட்டப்பட்ட பிறகு என்ன செய்தார்கள் தெரியுமா? ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, "கோமதியம்மன் மேல சத்தியமா எவ்வளவு பாக்கின்னு சொல்லுங்க" என்று கேட்டிருக்கிறார்கள். சத்தியம் செய்தவர் சொன்னதையும் எல்லோருக்கும் ஒப்புக்கொள்ளவில்லை. யாருடைய பிழையோ, யாரோ சத்தியம் பண்ணியிருக்கிறார்கள். குழுவில் இதைப் பற்றி ஒருத்தர்கூட ஒரு வரி எழுதவில்லை.

இனி, இதைப் பேச எனக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். நான் படித்தது இடைநிலை ஆசிரியர் பயிற்சிப் பட்டயம். கம்ப்யூட்டர் என்றால் சர்வீஸின் கடைசி சில வருஷம் எமிஸில் பிள்ளைகள் விவரம் ஏற்றியதுதான், அதுவும் சர்வர் தூங்காத நேரத்தில். ஆனால் நான் சிபாரிசு செய்த ஆள் செய்த வேலையில் இப்படி ஆனது என்றதும் தூக்கம் வரவில்லை. அந்தப் பையனையே கூப்பிட்டு உட்கார வைத்து, "எனக்குப் புரியிற மாதிரி சொல்லு, எனக்குப் புரியலேன்னா உனக்கும் புரியலேன்னு அர்த்தம்" என்றேன். இரண்டு மாதம், வாரம் இரண்டு நாள் சாயங்காலம். அவன் சொன்னதில் எனக்குப் புரிந்ததைப் பள்ளிக்கூட பாஷையில் சொல்கிறேன்.

பள்ளிக்கூட கேட்டில் ஒரு வாட்ச்மேன் இருக்கிறார். நான் ஒரு பிள்ளையை "பக்கத்துக் கடையில் சாக்பீஸ் வாங்கிட்டு வா" என்று அனுப்புகிறேன். போவதை வாட்ச்மேன் பார்க்கிறார். திரும்பி வரும்போது தடுப்பதில்லை. இப்போது முன்பின் தெரியாத ஒருவர் கேட்டில் வந்து நின்று, "மூணாம் வகுப்புல என் தங்கச்சி பொண்ணு இருக்கா, கூட்டிட்டுப் போகணும்" என்கிறார். அவரை விடுவாரா? யார், எந்த ஊர், பிள்ளைக்கு என்ன முறை என்று கேட்டு, பார்வையாளர் பதிவேட்டில் எழுதி, தலைமை ஆசிரியர் கையெழுத்துப் போட்ட பிறகுதான்.

பயர்வால் இதே காரியத்தைத்தான் செய்கிறது. உள்ளே இருந்து நாம் அனுப்பிய கேள்விக்கு வரும் பதிலை அது தானாகவே விடும். தானாக வெளியிலிருந்து வந்து கதவைத் தட்டுகிறவனைத்தான் நிறுத்தும். இதற்குத்தான் உள்வரும் ரூல் வேண்டும்.

இதில் இருந்து ஒரு விஷயம் விளங்குகிறதா? ஜிஎஸ்டி போர்ட்டல், பேங்க் வேலை, வாட்ஸ்அப், மெயில், பணம் வந்தால் கத்துகிற அந்தப் பெட்டி, எல்லாமே நாம் அனுப்பிய பிள்ளை திரும்பி வருகிற கதைதான். ஒரு சின்னக் கடைக்கு இவை எதற்கும் உள்ளே வரும் வாசல் ஒன்றுகூடத் திறக்க வேண்டியதில்லை. "எல்லாத்தையும் மூடிட்டா வியாபாரமே நின்னுரும் அத்தை" என்று தம்பி மகன் சொன்னான். நிற்காது. இப்போது அவன் கடையில் வெளியிலிருந்து வரும் எல்லா வாசலும், ஒன்றைத் தவிர, மூடித்தான் இருக்கின்றன. ஆடித்தபசு வியாபாரம் குறையவில்லை.

அப்புறம் எதற்குத்தான் திறக்கிறார்கள்? கேமராவை செல்போனில் பார்க்க, வெளியூரிலிருந்து டேலி பார்க்க, இந்த இரண்டுக்கும்தான் பெரும்பாலும். கேமரா போட வருகிறவர் போர்ட் ஃபார்வர்டிங் என்பார். அதில் சிக்கல் வந்தால் டிஎம்இசட் என்று ஒரு பெட்டியில் டிக் அடித்துவிடுவார். அந்த ஒரு டிக்குக்கு அர்த்தம், வேறு யாருக்கும் என்று சொல்லாமல் வந்து தட்டுகிற எவனையும் இந்த ஒரு மெஷினிடம் அனுப்பு என்பது. யூபிஎன்பி என்று இன்னொன்று இருக்கிறது. அது போட்டிருந்தால் உள்ளே இருக்கும் கேமராவே ரவுட்டரிடம் கேட்டுத் தனக்கு ஒரு வாசல் திறந்துகொள்ளும். யாரும் யாரையும் கேட்க வேண்டாம். பிள்ளையே போய் கேட்டைத் திறந்து விடுகிற பள்ளிக்கூடம்.

பிரிண்டர் வேலை செய்யவில்லை என்று விண்டோஸ் பயர்வாலையே அணைத்துவிட்டுப் போகிறவர்களைப் பற்றி நான் பேசப் போவதில்லை. சாவி சிக்கவில்லை என்று கதவைக் கழற்றிச் சுவரில் சாய்த்து வைப்பவனிடம் என்ன பேச.

சரி, இப்போது குழுவில் அதிகம் பேர் சொன்ன வாதத்துக்கு வருகிறேன். "சங்கரன்கோவில்ல ஒரு சேலைக் கடையை ரஷ்யாவுல இருக்கிறவன் எதுக்குத் தேடி வரப் போறான்? ஏதோ கெட்ட நேரம்." கெட்ட நேரம் இல்லை. அவன் தேடி வரவில்லை என்பது உண்மை. அவன் யாரையுமே தேடுவதில்லை, எல்லோரையும் தட்டிப் பார்க்கிறான். இணையத்தின் பழைய முறை முகவரிகள் மொத்தமே சுமார் 430 கோடி. மலைப்பாக இருக்கிறதா? 2013-ல் அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்து ஆட்கள் இசட்மேப் என்று ஒரு கருவி எழுதினார்கள். ஒரே ஒரு கம்ப்யூட்டர், நல்ல இணைப்பு இருந்தால், அந்த முகவரிகள் அத்தனையிலும் ஒரு குறிப்பிட்ட வாசல் திறந்திருக்கிறதா என்று 45 நிமிடத்துக்குள் தட்டிப் பார்த்துவிடும். ஒரு பீரியடு. அதற்குள் மூன்றாம் வாய்ப்பாட்டைக்கூட நான் ஒரு வகுப்பு முழுக்கக் கேட்டு முடித்ததில்லை. ஷோடான் என்று ஒரு தேடுதளம் 2009-லிருந்தே இருக்கிறது. எந்தெந்த முகவரியில் எந்த வாசல் திறந்திருக்கிறது என்று அதில் யாரும் தேடிப் பார்க்கலாம். இதில் ஊர் சின்னது, கடை சின்னது என்பதெல்லாம் எங்கே வருகிறது?

கேமராக்காரர்கள் 2016-ஐ மறந்திருக்க மாட்டார்கள். மிராய் என்று ஒரு நிரல். கம்பெனியிலிருந்து வரும்போதே இருக்கும் "அட்மின்", "1234" வகையறா பெயரும் கடவுச்சொல்லும் அறுபதுக்குச் சற்று மேல், அவ்வளவுதான் அதன் கையில் இருந்த சாவிக்கொத்து. அதை வைத்துக்கொண்டு லட்சக்கணக்கான கேமராக்களுக்கும் ரவுட்டர்களுக்கும் உள்ளே போய், அவற்றையே படையாகத் திரட்டி, அந்த அக்டோபர் 21 அன்று அமெரிக்காவில் பெரிய பெரிய வலைத்தளங்களைப் பல மணி நேரம் திறக்க முடியாமல் செய்தது. எழுதியவர்கள் இருபதைத் தொட்ட வயதுப் பையன்கள். அந்தப் படையில் இருந்த கேமராக்களின் சொந்தக்காரர்களும் "என்கிட்ட என்ன இருக்கு" என்றுதான் நினைத்திருப்பார்கள்.

"எண்ணை மாத்தி வச்சிட்டேன் டீச்சர், 3389-க்குப் பதிலா 33890" என்று இன்னொரு பழைய மாணவன் பெருமையாகச் சொன்னான். கதவைக் கிழக்கிலிருந்து வடக்குக்கு மாற்றினால் வாஸ்துவுக்கு ஆகும். ஒரு மெஷினில் இருப்பதே 65,535 வாசல்தான். ஒவ்வொன்றாகத் தட்டுகிறவனுக்கு வேலை கொஞ்சம் கூடும், அவ்வளவுதான்.

பெரிய இடங்களையும் பாருங்கள். நம் பக்கத்து கூடங்குளம். 2019 செப்டம்பரில் அங்கே ஒரு கம்ப்யூட்டரில் தீய நிரல் இருக்கிறது என்று அரசின் செர்ட்-இன் அமைப்பு தகவல் கொடுத்தது. அக்டோபர் 30 அன்று அணுமின் கழகமே அதை ஒப்புக்கொண்டது. ஆனால் அது நிர்வாக வேலைக்காக இணையத்தோடு இணைந்திருந்த பகுதியில் இருந்த கம்ப்யூட்டர். உலையை இயக்கும் உள் நெட்வொர்க் தனியாகப் பிரித்து வைக்கப்பட்டிருந்தது, அதற்கு ஒன்றும் ஆகவில்லை என்றார்கள். மூன்று வருஷம் கழித்து, 2022 நவம்பர் 23, டெல்லி எய்ம்ஸ். ஐந்து சர்வர்கள் பூட்டப்பட்டன. நோயாளிகளுக்குச் சீட்டு எழுதுவதிலிருந்து எல்லாவற்றையும் பல நாள் கையால் செய்தார்கள். நெட்வொர்க்கைச் சரியாகப் பிரித்து வைக்காததுதான் காரணம் என்று அரசு நாடாளுமன்றத்தில் சொன்னது. ஓரிடத்தில் நடுவில் சுவர் இருந்தது, இன்னோரிடத்தில் சரியாக இல்லை.

சிவகாசிப் பக்கம் பட்டாசு ஆலையைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். ஒரே பெரிய கட்டடமாகக் கட்டினால் செலவு குறைவுதானே, ஏன் சின்னச் சின்ன அறைகளாக, இடைவெளி விட்டுவிட்டுக் கட்டச் சொல்கிறார்கள்? ஓர் அறையில் பிடித்தால் அடுத்ததற்குப் போகக் கூடாது என்பதற்காக. அந்த விதியை மீறிய இடங்களில் என்ன ஆனது என்று வருஷா வருஷம் பேப்பரில் படிக்கிறோம். பயர்வால் என்ற பெயரே கட்டடத்தில் தீயைத் தடுக்க எழுப்பும் சுவரிலிருந்து வந்ததுதான். தம்பி மகன் கடையில் கேமரா, பில் போடும் மெஷின், வாடிக்கையாளருக்குக் கொடுக்கிற வைஃபை, எல்லாம் ஒரே அறை. சேலை எடுக்க வந்தவரின் செல்போனிலிருந்து பில் மெஷினைத் தொட முடியும். இதை வைஃபை ஸ்பீடு பிரச்சினை என்று இத்தனை நாள் பேசிக்கொண்டிருந்தார்கள்.

இனிமேல்தான் உங்களுக்குக் கோபம் வரும்.

பையன் மேல் தப்பு உண்டா? உண்டு. தெரிந்தே செய்தான். "யார் வேண்டுமானாலும்" என்று மூல முகவரியில் விடக் கூடாது என்று அவனுக்குப் படிக்கும்போதே சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். "டெம்ப்" என்று பெயர் வைத்துவிட்டு எந்தத் தேதியில் எடுப்பது என்று எழுதாமல் போனான். வீட்டுப்பாடத்தில் தேதி போடாமல் வருகிறவனை நான் வெளியே நிறுத்துவேன்; இவனையும் நிறுத்தியிருக்கிறேன்; உறைக்கவில்லை போல. "நான் கேட்டேன் டீச்சர், விபிஎன் போடலாம்னு சொன்னேன். அதுக்கு இன்னும் கொஞ்சம் செலவாகும்னதும், சாயங்காலத்துக்குள்ள வேலை செய்யணும், முடியாதுன்னா வேற ஆளைப் பாக்கிறேன்னுட்டாங்க" என்றான். நியாயம்தான். ஆனால் அதையாவது ஒரு தாளில் எழுதி, முதலாளியிடம் கையெழுத்து வாங்கியிருக்கலாம் அல்லவா? வயிற்றுப்பாடு எனக்கும் புரிகிறது. வயிற்றுப்பாட்டுக்காக உத்தரம் இல்லாமல் வீடு கட்டுகிற கொத்தனாரை யாரும் கூப்பிட மாட்டோம்.

ஆனால் என் தம்பி மகனே, உன் பங்கைக் கேள். அந்த வாசலுக்கு ஒரு ரகசியம் இருக்கிறது. இப்போதெல்லாம் பல கம்பெனிகள் பல வீட்டுக்கும் கடைக்கும் சேர்த்து ஒரே வெளி முகவரியைத்தான் தருகின்றன. அப்படி இருந்தால் நீயே வாசலைத் திறந்தாலும் வெளியில் இருப்பவன் உன் வாசலுக்கு வந்து சேர முடியாது. அதனால் "ஸ்டேடிக் ஐபி வேணும்" என்று மனுப் போட்டு, கடைக்கென்று மாறாத முகவரி ஒன்றை வாங்கினாய். அதற்கு வருஷா வருஷம் பணம் கட்டியவன் நீ. ரசீது உன் ஃபைலில் இருக்கிறது, நான் பார்த்தேன். கணக்கு எழுதுகிறவர் கடைக்கே வர ஆரம்பித்த பிறகும் ஏன் கட்டினாய்? "அது பாட்டுக்குப் போகுது அத்தை" என்றாய். பையன் ரூலை மறந்தது ஒரு தடவை. நீ அந்த வாசலுக்கு வாடகை கட்டியது ஒவ்வொரு வருஷமும்.

"எனக்கு அதெல்லாம் தெரியாது, தெரிஞ்சவன்னுதான காசு கொடுத்தேன்" என்பது உன் வாதம். பாவு நூலில் கவுண்ட் ஒரு நம்பர் மாறினால் விரலால் தடவியே கண்டுபிடிக்கிறவன் நீ. உன் தாத்தாவுக்கு அது தெரியாது, நீ கற்றுக்கொண்டாய். உன் கடைக்குள் வெளியாள் வர எத்தனை வழி இருக்கிறது என்று தெரிந்துகொள்ள இன்ஜினியரிங் வேண்டாம். "எத்தனை ரூல் இருக்கு? ஒவ்வொண்ணும் எதுக்கு?" என்று கேட்க வாய் போதும். பூட்டு செய்கிற வேலை ஆசாரிக்கு. சாவி யாரிடம் இருக்கிறது என்பது வீட்டுக்காரர் வேலை. இதை மாற்றி வைத்துக்கொண்டு, நஷ்டம் வந்ததும் ஆசாரியைப் பிடித்துக் கொடு என்கிறோம்.

சட்டமும் பையனைத் தேடி வராது. 2022 ஏப்ரல் 28 அன்று செர்ட்-இன் ஓர் உத்தரவு போட்டது. இந்த மாதிரித் தாக்குதல் நடந்தால் தெரிய வந்த 6 மணி நேரத்துக்குள் அவர்களுக்குச் சொல்ல வேண்டும். பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். சிறு தொழில் செய்கிறவர்களுக்குத் தயாராகக் கூடுதல் அவகாசம் கொடுத்தார்களே தவிர, நீங்கள் வேண்டாம் என்று விடவில்லை. நாம் என்ன செய்தோம்? முதல் வேலையாக ரவுட்டரை அணைத்துப் போட்டோம். அதில் இருந்த கொஞ்ச நஞ்சப் பதிவும் போனது. அடுத்து, பக்கத்துக் கடைக்காரர்களுக்குத் தெரியக் கூடாது என்று நாலு நாள் மூடி மறைத்தோம். 1930-க்குப் போன் போடலாம் என்று சொன்னவனும் அந்தப் பையன்தான், அது மூன்றாம் நாள்.

என் பங்கும் இருக்கிறது. "நம்ம பையன், குறைச்சலா செஞ்சு தருவான்" என்று சொல்லித்தான் நான் சிபாரிசு செய்தேன். நல்லா செய்வான் என்று சொல்லவில்லை. குறைச்சலாச் செய்வான் என்றேன். அவனும் என் வார்த்தையைக் காப்பாற்றினான்.

அதனால் குழுவில் நீங்கள் சொன்ன தீர்ப்பை நான் ஏற்கவில்லை. பையனுடைய பாக்கியை நிறுத்தி வைத்திருப்பது தவறு. அது கேமரா ஒயர் இழுத்ததற்கும் மெஷின் வாங்கிக் கொடுத்ததற்குமான காசு, அதில் பாதியை அவன் கைக்காசு போட்டு வாங்கியிருக்கிறான். இந்த ரூலுக்காக அவனுக்கு ஒரு தண்டனை வேண்டும் என்றால், இப்போது செய்துகொண்டிருக்கிற வேலையைக் கூலி இல்லாமல் செய்யட்டும். அவன் அதற்கு ஒப்புக்கொண்டுவிட்டான்.

செய்த வேலை இது. முதலில் ரவுட்டரைத் தொடவே விடவில்லை. ஒரு நோட்டு வாங்கி வரச் சொன்னேன். பள்ளிக்கூடத்தில் நடமாட்டப் பதிவேடு என்று ஒன்று வைத்திருப்போமே, அது போல. யார் வர வேண்டும், எங்கிருந்து, எந்த மெஷினுக்கு, எந்த வாசல், எதற்கு, எந்தத் தேதி வரை. தம்பி மகன் தன் கையால் தமிழில் எழுத வேண்டும், பையன் எழுதக் கூடாது. எழுத உட்கார்ந்தபோது என்ன ஆனது என்றால், ரவுட்டரில் இருந்தவை ஏழு ரூல். நோட்டில் எழுதக் காரணம் கிடைத்தது ஒன்றுக்குத்தான். மற்ற ஆறுக்கும் "எதற்கு" என்ற இடத்தில் பேனா நின்றது. ஒன்று, இப்போது கடையிலேயே இல்லாத பழைய கேமராப் பெட்டிக்குப் போட்டது.

அந்த ஆறும் போயின. ஸ்டேடிக் ஐபி இருக்கட்டும் என்றான், சரி. ஆடிட்டர் ஆபீசுக்கு மட்டும் ஒரு விபிஎன் வாசல். அவர்கள் தங்கள் சாவியோடு அதற்குள் வந்த பிறகுதான் டேலி மெஷின் கண்ணுக்கே தெரியும். ரிமோட் டெஸ்க்டாப் நேராக வெளியே எட்டிப் பார்க்காது. கடைசி வரியில், மேலே சொன்னதைத் தவிர வேறு யாரும் வேண்டாம் என்று ஒரு ரூல், தடுத்தவர்களைப் பதிவு செய்யச் சொல்லி. வரிசையில் கவனம் வேண்டும் என்றான் பையன். பெரும்பாலான ரவுட்டர்கள் மேலிருந்து கீழே படித்து, முதலில் பொருந்துகிற வரியோடு நின்றுவிடும். முதல் வரியில் "எல்லோரும் வரலாம்" என்று எழுதிவிட்டு ஐந்தாம் வரியில் யாரைத் தடுத்தும் பிரயோஜனம் இல்லை. விண்டோஸில் உள்ள பயர்வாலோ வேறு மாதிரி. அங்கே தடு என்ற ரூல் இருந்தால் விடு என்பதை அது ஜெயித்துவிடும். கேமராவுக்கு ஒரு தனி நெட்வொர்க், வாடிக்கையாளர் வைஃபைக்கு இன்னொன்று, இரண்டிலிருந்தும் பில் மெஷினுக்கு வழி இல்லை. யூபிஎன்பி அணைத்தாயிற்று. புது முறை முகவரி, ஐபிவி6 என்கிறார்கள், அதிலும் ஒவ்வொரு மெஷினுக்கும் நேரடி வெளி முகவரி கிடைத்துவிடுகிறதாம். அதற்கும் தனியாக ரூலைப் பார்த்துவிட்டான். முன்வாசலை மட்டும் பூட்டிவிட்டு மொட்டைமாடிக் கதவை மறக்கிற கதை அது. பிறகு தன் வீட்டுக்குப் போய் அங்கிருந்து கடை முகவரியை எல்லா வாசலிலும் தட்டிப் பார்த்தான். உள்ளேயிருந்து பார்த்துத் திருப்திப்படக் கூடாதாம்.

தடுத்தவர்கள் பட்டியலை முதல் நாள் சாயங்காலம் தம்பி மகனிடம் காட்டினான். ஒரே பகலில் பக்கம் பக்கமாக. யாருமே தேடி வர மாட்டார்கள் என்ற கடைக்கு. தம்பி மகன் ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒன்றும் சொல்லவில்லை.

தறிக்காரர்கள் கணக்கு இன்னும் தீரவில்லை. அவர்களில் ஒருத்தி என்னிடம் மூன்றாம் வகுப்பு படித்தவள். சத்தியம் செய்ய மாட்டேன் என்று சொல்லிவிட்டு, வீட்டிலிருந்து தினசரிக் காலண்டர் தாள்களை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி எடுத்து வந்திருக்கிறாள். ஒவ்வொரு சனிக்கிழமைத் தாளின் பின்னாலும் அந்த வாரக் கூலி, கழித்தது, மிச்சம். மூன்று வருஷத் தாள்கள். கடைக் கணக்கு என்று ஒன்று இல்லாததால் அவள் கணக்கையே ஒப்புக்கொண்டார்கள். மற்ற பதினொரு பேரிடம் அப்படி ஒன்றும் இல்லை. தம்பி மகனே, அந்தப் பதினொரு பேர் சொல்கிற தொகையை அப்படியே எழுதிக்கொள். பூட்டு உன்னுடையது, தொலைந்தது அவர்களுடையது. குழுவில் கட்டைவிரல் போட்டவர்களும் இதற்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். யாராவது ஒருவர் முதலில் சொன்னால் போதும், அவன் கேட்பான்.

அந்தப் பையன் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு நம் வீட்டுக்கு வருகிறான். கடை வைத்திருக்கிற என் மாணவர்கள், சொந்தக்காரர்கள் ரவுட்டரின் ரூல் பக்கத்தைப் போட்டோ எடுத்துக்கொண்டு வாருங்கள். கடவுச்சொல்லைக் கமெண்ட்டில் போடாதீர்கள், போடக்கூடியவர்கள் நீங்கள். ஒரு நாற்பது பக்க நோட்டும் பேனாவும் கொண்டு வாருங்கள். காபி உண்டு.